நகரும் கோழிக்கூடு: நாமே செய்து கொள்ளலாம்



சொந்த ஊரில் முற்றமும் தொழுவமும் வைத்து வாழ்ந்த குடும்பங்கள் பிழைப்புக்காக இடம் பெயர்ந்து, இன்று நாலு சென்ட், ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டி இருக்கிறோம். ஆடு மாடு வளர்க்க இடமில்லை. ஆனால் நாலு கோழி வளர்க்க இடம் உண்டு. இடம் இருந்தும் பலர் வளர்ப்பதில்லை. காரணம் கேட்டால் நாற்றம், கீரி, நோய், பக்கத்து வீட்டுக்காரரின் முணுமுணுப்பு என்று நான்கையும் சொல்வார்கள். இந்த நான்கில் பெரும்பகுதி, கூடு ஒரே இடத்தில் நிலையாக இருப்பதால் வருகிறது. கூட்டை நகர்த்த முடிந்தால் நான்குமே குறையும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நான் ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், டிப்ளமோ படிப்பு. நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே ஆரியங்கோட்டில் வசிக்கிறேன். கால்நடை மருத்துவம் படித்தவன் அல்லன். எனவே கூட்டைப் பற்றி விரிவாகவும், கோழியைப் பற்றித் தேவையான அளவும் எழுதுகிறேன்.

நகரும் கூடு நமக்குப் புதிதல்ல

மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பஞ்சாரம் தெரிந்திருக்கும். மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை. குஞ்சும் தாயும் மேய்ந்த பின் அப்படியே கவிழ்த்து மூடுவார்கள். மறுநாள் வேறு இடத்தில் கவிழ்ப்பார்கள். நகரும் கோழிக்கூட்டின் பாட்டி இதுதான். சுவரோரம் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கோழிக் குடாப்பு நிலையான கூடு. இரவுக் காவலுக்கு நல்லது, சுத்தம் செய்வதுதான் சிரமம். பஞ்சாரத்தின் நகர்வையும் குடாப்பின் காவலையும் ஒன்றாகச் சேர்த்தால் நமக்கு வேண்டிய கூடு கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து விவசாயி ஜோயல் சலாட்டின் இதே தத்துவத்தைப் பெரிய அளவில் செய்து புகழ் பெற்றவர். அவருடைய கூடு 10 அடிக்கு 12 அடி, உயரம் 2 அடி. அடிப்பாகம் கிடையாது. தினமும் ஒரு தடவை அடுத்த புல்தரைக்கு இழுத்து விடுவார். கோழி புல்லும் பூச்சியும் தின்று, மண்ணைக் கிளறி, உரமும் போடுவதால் அங்கே இவ்வகைக் கூட்டைக் 'கோழி டிராக்டர்' என்றே அழைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம்.

ஏன் தினமும் நகர்த்த வேண்டும்?

இதுதான் பாடத்தின் மையம். எங்கள் தெருவில் ஒரு தமிழ் அம்மையார் இருக்கிறார். கணவர் இல்லை. பேத்தியின் பஸ் கூலியும் நோட்டுப் புத்தகச் செலவும் அவருடைய முட்டைக் காசிலிருந்துதான். பலா மரத்தடியில் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிலைக்கூடு. ஒரு ஜூன் மாத மழையில் காலையிலேயே வந்து, "அண்ணாச்சி, குஞ்செல்லாம் ரெத்தமா கழியுது, வந்து பாருங்க" என்றார். மருத்துவர் மருந்து கொடுத்தார். ஆனாலும் அந்த வாரத்திலேயே பாதிக் குஞ்சுகள் போய்விட்டன.

அந்த நோய்க்கு ரத்தக் கழிச்சல் என்று பெயர். காக்சிடியா என்னும் நுண்ணுயிரால் வருவது. நோயுற்ற கோழியின் எச்சத்தில் அதன் நுண்முட்டைகள் வெளியே வருகின்றன. வெளியே வந்தவுடன் அவை தொற்றுவதில்லை. ஈரம், வெப்பம், காற்று மூன்றும் கிடைத்து, சுமார் ஒன்று முதல் இரண்டு நாள் கழித்த பிறகே தொற்றும் பக்குவத்தை அடைகின்றன. நிலைக்கூட்டில் கோழி நேற்றைய எச்சத்தின் மேல் நின்று, முந்தாநாள் எச்சத்தைக் கிளறித் தின்கிறது. நாம் தினமும் கூட்டை நகர்த்தினால் நுண்முட்டை பக்குவம் அடையும் முன்பே கோழி அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது.

நுண்முட்டைகள் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதும் உண்மை. ஆகவே நகர்த்துவதால் நோய் அடியோடு ஒழியும் என்று எண்ண வேண்டாம். கோழியின் வயிற்றுக்குள் போகும் அளவு குறைகிறது. சிறிய அளவைக் கோழி தாங்கும்; அதன் மூலம் எதிர்ப்புச் சக்தியும் பெறும். பெரிய அளவு குஞ்சைக் கொன்றுவிடும். மழைக்காலத்தில் வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி இந்த அளவுதான்.

நிலம் போதுமா?

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நாம் செய்யப்போகும் கூடு 6 அடி நீளம், 3 அடி அகலம். பரப்பு 18 சதுர அடி. 435ஐ 18ஆல் வகுத்தால் 24. ஐந்து சென்டில் வீடும் கிணறும் போக இரண்டு சென்ட் காலியாக இருந்தால் 48 இடங்கள். தினம் ஒரு இடம் என்றால், இன்று விட்ட இடத்துக்குத் திரும்பி வர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வெயில் பட்டு, புல் முளைத்து, எச்சம் மண்ணோடு மண்ணாகிவிடும். நாற்றமும் ஈயும் குறைவதற்குக் காரணம் இதுவே.

எத்தனை கோழி?

இந்த அளவுக் கூட்டுக்கு நான்கு பெட்டைக் கோழி. ஒன்றுக்குத் தரையில் நாலரை சதுர அடி கிடைக்கும். இரவு அறை 2 அடிக்கு 3 அடி, அதாவது 6 சதுர அடி, ஒன்றுக்கு ஒன்றரை. உட்காரும் கம்பு ஒரு கோழிக்கு 9 அங்குலம் வேண்டும். நாலு கோழிக்கு 36 அங்குலம், அதாவது கூட்டின் அகலமான 3 அடி. கணக்கு இவ்வளவு பொருத்தமாக வருவதால், ஐந்தாவது கோழியை ஆசைப்பட்டு நுழைக்க வேண்டாம்.

சேவல் இல்லாமல் பெட்டை முட்டையிடுமா என்று பலர் கேட்கிறார்கள். இடும். அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. அதிகாலையில் கூவுவதற்கு ஆள் இல்லாததால் பக்கத்து வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

எந்த இனம்? கேரளத்தில் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி வளாகத்தில் உருவான கிராமலட்சுமி, கிராமஸ்ரீ ஆகியவை வீட்டு வளர்ப்புக்கு ஏற்றவை. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 150 முட்டைக்கு மேல் தரும். நான்கு கோழிக்கு 600. வாரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு முட்டை. நாட்டுக்கோழி அதில் பாதிகூட இடாது; ஆனால் அடை காப்பதில் அதற்கு இணை இல்லை. திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் அரசு கோழிப்பண்ணை உண்டு. 1989-ல் தொடங்கிய கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம், அதாவது கெப்கோ, நகரத்து வீடுகளுக்குக் கூட்டோடு கோழி தரும் 'நகரப்பிரியா', விதவைப் பெண்களுக்குக் கோழி தரும் 'ஆஷ்ரயா' போன்ற திட்டங்களை நடத்தியிருக்கிறது. வாங்குமுன் உங்கள் பஞ்சாயத்துக் கால்நடை மருத்துவமனையில் அப்போதைய நிலவரத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

1. ஓர் அங்குல இரும்புச் சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம் – 70 அடி
2. அரை அங்குலக் கண் உள்ள துத்தநாகம் பூசிய வெல்ட்மெஷ் வலை – 50 சதுர அடி
3. அலுமினியக் கூரைத் தகடு – 7 அடிக்கு 4 அடி
4. இரவு அறைச் சுவருக்கு 9 மி.மீ. மரைன் பிளைவுட் – சுமார் 18 சதுர அடி
5. சிறுவர் சைக்கிளின் பழைய 12 அங்குலச் சக்கரம் – 2
6. கீல், தாழ்ப்பாள், கொக்கிப் போல்ட், ரெட் ஆக்சைடு, எனாமல் பெயிண்ட்

கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலையை வாங்காதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்காது. கடித்து இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். வெல்ட்மெஷ் பிரியாது.

சட்டம் செய்தல்

கீழே 6க்கு 3 அடிச் சட்டம் ஒன்று. மேலே அதே அளவில் ஒன்று. முன்பக்கத்து நீளவாட்டில் மூன்று கால்கள், உயரம் மூன்றரை அடி. பின்பக்கத்தில் மூன்று கால்கள், உயரம் மூன்று அடி. இதனால் கூரை 3 அடிக்கு 6 அங்குலம் சரியும். நம் பக்கத்து மழைக்கு இந்தச் சரிவு தேவை. நடுக்கால்கள் ஒரு முனையிலிருந்து 2 அடியில் வரட்டும். அந்த 2 அடிப் பகுதியில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இரவு அறையின் தளம். தளத்துக்குக் கீழேயும் கோழி மேயலாம். மழை நேரத்தில் ஒதுங்கவும் அந்த இடம் உதவும்.

பட்டறையில் வெல்டிங் வைத்த பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரம். கோணலான சட்டத்தில் கதவு மூடாது. மூடாத கதவு கீரிக்கு அழைப்பிதழ். வெல்டிங் வைத்த இடமெல்லாம் முதலில் துரு பிடிக்கும். அங்கே ரெட் ஆக்சைடு இரண்டு கை அடியுங்கள்.

எடையும் சக்கரமும்

அறுபது வயதுக்காரரும் தனியாக இழுக்க முடியாவிட்டால் கூடு ஒரு மாதத்தில் நிலைக்கூடாகிவிடும். எனவே எடைக் கணக்கைச் செய்த பிறகே பொருள் வாங்க வேண்டும். மேலே சொன்ன குழாய் மீட்டருக்கு 1.2 கிலோ, மொத்தம் 25 கிலோ. வலை 6, கூரை 4, பலகை 10, தளமும் கம்பும் முட்டைப் பெட்டியும் 3, சக்கரம் 3. ஆகக் கூடுதல் 51 கிலோ.

சக்கரத்தை எந்த முனையில் வைப்பது? பாரமான இரவு அறை இருக்கும் முனையில். அப்போது எடையின் மையம் அம்முனையிலிருந்து சுமார் இரண்டேகால் அடியில் விழும். எதிர்முனையில் ஓர் அடி வெளியே நீட்டிய கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கையில் வருவது 18, 19 கிலோ. ஒரு குடம் தண்ணீரைவிடச் சற்று அதிகம். சக்கரத்தை மறுமுனையில் வைத்தால் அதே கூடு 28 கிலோவாகக் கனக்கும். பொருள் ஒன்றே, செலவும் ஒன்றே. வித்தியாசம் நெம்புகோல் விதி.

சக்கரம் மாட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. அச்சு, சட்டத்தின் முனைக்கு நேராக இல்லாமல், 4 அங்குலம் வெளியே தள்ளி இருக்கட்டும். கூடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது சக்கரம் தரையிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கட்டும். அப்போது சட்டம் நாலாபக்கமும் மண்ணில் பதிந்து உட்காரும். கைப்பிடியை இரண்டு அடி தூக்கினால் அச்சு கீழே இறங்கிச் சக்கரம் தரையைத் தொடும், பின்முனை ஓர் அங்குலம் எழும்பும், கூடு உருளும். இறக்கினால் மறுபடி உட்காரும். தனியாகத் தடைக்கட்டை தேவையில்லை. குனிந்து தூக்குவது முதுகுக்குக் கேடு. கைப்பிடியில் கயிற்று வளையம் கட்டி, முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

இரவு அறை

சுவர் பலகை, ஆனால் கூரைக்குக் கீழே முன்னும் பின்னும் 4 அங்குலம் பலகை வேண்டாம், வலை மட்டும். கோழிக்குக் குளிரைவிட அடைந்த காற்றுதான் எதிரி. காலையில் கதவைத் திறந்து மூக்கைக் கொண்டு போங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

தளத்தில் இழுத்து எடுக்கும் தட்டு வைத்து மரத்தூள் பரப்புங்கள். ரப்பர் மரம் அறுக்கும் மில்லில் வேண்டிய மட்டும் கிடைக்கும். தளத்திலிருந்து 9 அங்குல உயரத்தில் உட்காரும் கம்பு. ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம், விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். முட்டைப் பெட்டி ஓர் அடிக்கு ஓர் அடி. நாலு கோழிக்கு ஒன்று போதும். அதை முனைச் சுவரில் வெளிப்புறமாகத் தொங்கவிட்டு மேலே மூடி வையுங்கள். பேரப்பிள்ளைகள் கூட்டைத் திறக்காமலே முட்டை எடுக்கலாம். பெட்டி, கம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் கோழி அதிலேயே தூங்கி அசுத்தம் செய்யும்.

இரவு அறைக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே ஒரு சாய்ந்த ஏணிப் பலகை. வாசலில் மேலும் கீழும் நகரும் தட்டிக் கதவு. வெளியிலிருந்து கயிறால் இயக்கலாம்.

எதிரிகள்

எங்கள் பக்கத்தில் ரப்பர் தோட்டமும் ஓடையும் நெய்யாறும் உண்டு. கீரி, மரநாய், பெருச்சாளி, சாரை, மலைப்பாம்பு, தெருநாய் எல்லாம் உண்டு. பகலில் குஞ்சுக்குப் பருந்தும் காக்கையும். கீரியையும் மரநாயையும் பொறி வைத்துக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொல்லவும் தேவையில்லை, உள்ளே வர வழி இல்லாமல் செய்தால் போதும்.

அந்தி சாய்ந்ததும் கோழி தானாக மேலே ஏறும். எண்ணிப் பார்த்துத் தட்டிக் கதவை இறக்கிக் கொக்கி மாட்டுங்கள். பிறகு பெருச்சாளி மண்ணைத் தோண்டிக் கீழ்த்தளத்துக்கு வந்தாலும் அங்கே கோழி இருக்காது. இரண்டு விரல் நுழையும் இடைவெளியும் ஆபத்தே. மேடு பள்ளமான இடத்தில் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே செங்கல் துண்டு வைத்து அடையுங்கள். மாலையில் கதவை மூடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் பெயரில் விடுங்கள். எல்லோருடைய வேலையும் ஒருவருடைய வேலையும் அல்ல என்பது ரயில்வேயில் முதல் பாடம்.

மழையும் சரிவும்

எங்கள் ஊர் நிலம் தட்டுத் தட்டாக இறங்குவது. கூட்டைச் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் நகர்த்துங்கள். சரிவில் கீழ்நோக்கி இழுத்தால் கூடு நம்மை இழுக்கும். தண்டவாளப் பாதைக்கு முதல் தேவை வடிகால், இரண்டாவது தேவை வடிகால், மூன்றாவதும் வடிகால் என்று எங்கள் பழைய மேலதிகாரிகள் சொல்வார்கள். கோழிக்கும் அதுவே. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இந்த மாதங்களுக்கென்று மேடான, தண்ணீர் தேங்காத இடங்களை ஒதுக்கி வையுங்கள். கூரையைக் கொக்கிப் போல்ட்டால் இறுக்குங்கள். காற்று பலமாக இருக்கும் நாட்களில் நாலு மூலையிலும் முளையடித்துக் கட்டுங்கள்.

அன்றாட முறை

காலையில் கோழியை மேலேயே அடைத்து வைத்துக் கூட்டை நகர்த்திய பிறகு தட்டிக் கதவைத் திறவுங்கள். கோழி தரையில் நிற்கும்போது இழுத்தால் சட்டத்தில் கால் மாட்டும். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம். சமையலறைக் கழிவும் புல்லும் துணை மட்டுமே. தண்ணீர் கால் லிட்டர். கோடையில் அதற்கு மேலும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருப்பதால் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

நாலு கோழியின் எச்சம் தினம் ஏறத்தாழ அரைக் கிலோ. வாழைக்கும் தென்னந்தடத்துக்கும் அருமையான உரம். பச்சையாக நாற்றின் மேல் விழுந்தால் கருகும். காய்கறிப் பாத்தியைத் தவிர்த்து நகர்த்துங்கள்.

வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே. முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டு வாரத்தில் ஊசியும் போட்ட கோழியா என்று கேட்டு வாங்குங்கள். 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளில் பறவைக் காய்ச்சல் பரவியதை வாசகர்கள் அறிவர். தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்கு அடியிலேயே வையுங்கள். காக்கையும் பிற பறவைகளும் வாய் வைக்கக் கூடாது. கோழிகள் காரணம் தெரியாமல் அடுத்தடுத்துச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

முன்பு சொன்ன அம்மையாருக்கும் இந்த அளவில் ஒரு கூடு செய்தோம். பட்டறைக் கூலி போகப் பாதிப் பொருள் பழைய சாமான் கடையிலிருந்து. அடுத்த மழைக்காலம் முழுவதும் அவர் தினமும் காலை ஆறரைக்குக் கைப்பிடியைத் தூக்கினார். அந்த ஆண்டு ரத்தக் கழிச்சல் அவர் வீட்டுக்கு வரவில்லை. ஒரு வீட்டு அனுபவத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் பேத்தியின் பஸ் கூலி நிற்கவில்லை.

முட்டைக் காசை நம் தாய்மார்கள் சிறுவாடு என்று சொல்லி அடுக்களைப் பானையில் சேர்த்தார்கள். யாரிடமும் கணக்குக் காட்ட வேண்டாத காசு அது. அந்தக் காசோடு பஞ்சாரம், குடாப்பு, அடைக்கோழி, சிறுவாடு ஆகிய சொற்களும் நம் வீட்டுக்குள் இருந்தன. பிள்ளைகள் பள்ளியில் பிடக்கோழி, பூவன்கோழி என்று மலையாளத்தில் படிக்கட்டும், நல்லதே. வீட்டில் முட்டை எடுக்கும்போது பெட்டை, சேவல் என்ற சொற்களையும் சேர்த்து எடுத்துக் கொள்ளட்டும்.

வரைபடம் வேண்டுவோர் அடுத்த மாதக் கூட்டத்தில் என்னிடம் கேட்டுப் பெறலாம். அளவுநாடாவும் பென்சிலும் கொண்டு வாருங்கள். உங்கள் முற்றத்தின் அளவைச் சொன்னால் அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.